ஆன்லைனுக்கு மாறினால் லாபம் கூடுமா? நான்கு வழிகளும் அவற்றின் கணக்கும்

"விற்பனையை ஆன்லைனுக்குக் கொண்டுபோகலாமா?" என்று கேட்டு எழுதுகிறவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே முடிவுக்கு வந்துவிட்டவர்கள்தான். எந்த வழியில் போவது என்பதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அமேசான் போன்ற பெரிய சந்தைத் தளத்தில் சேர்வதா, சொந்தமாக இணையதளம் வைப்பதா, கடையையும் தளத்தையும் சேர்த்து நடத்துவதா, எதுவும் வேண்டாமென்று கடையோடு நிற்பதா? மீதிப்பேர் பயத்தில் கேட்கிறார்கள்: போகாவிட்டால் அழிந்துவிடுவோமா?

இரண்டு தரப்புக்கும் முதலில் ஒன்று சொல்ல வேண்டும். ஆன்லைனில் விற்றுமுதல் ஏறுவது சுலபம். லாபம் ஏறுவது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக நினைத்து இறங்கியவர்கள், மாதக் கடைசியில் ஆர்டர் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, வங்கிக் கணக்கைப் பார்த்துக் குழம்புகிறார்கள். அந்தக் குழப்பம் வராமல் இருக்க, எதை வைத்து அளப்பது என்பதை முதலில் பேசிவிடுவோம்.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது: ஆன்லைனில் வருவது புது விற்பனையா, இடம் மாறிய விற்பனையா? இதுவரை உங்களிடம் வாங்கவே வாய்ப்பில்லாத ஒருவர் வாங்கினால் அது புது விற்பனை. நேற்றுவரை கடைக்கு வந்து வாங்கியவர் இன்று வீட்டிலிருந்தே அதே பொருளை ஆர்டர் செய்தால் அது இடம் மாறிய விற்பனை. கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். லாபத்தில் ஒன்று கூட்டல், மற்றது பெரும்பாலும் கழித்தல்.

இரண்டாவது, ஒரு ஆர்டரில் எல்லாச் செலவும் போகக் கையில் நிற்பது எவ்வளவு. மூன்றாவது, வாடிக்கையாளர் யாருடையவர்: அவருடைய பெயரும் தொடர்பும் உங்களிடம் இருக்கிறதா, தளத்திடமா? நான்காவது, சரக்கிலும் வரவேண்டிய பாக்கியிலும் எவ்வளவு பணம் எத்தனை நாள் முடங்கும். ஐந்தாவது, சரிப்படவில்லை என்றால் பெரிய சேதமில்லாமல் திரும்பி வர முடியுமா.

## நூறில் எவ்வளவு மிஞ்சும்

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். ஒரு பொருளின் விற்பனை விலை 100, அடக்கம் 60. கடையில் விற்றால் 40 மிஞ்சும். வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் அதிலிருந்துதான் என்றாலும், அவை மாதத்துக்கு இவ்வளவு என்று வருபவை. அந்த மாதத்தின் செலவை எடுத்த பிறகு விற்கிற ஒவ்வொரு பொருளிலும் 40 ஏறத்தாழ முழுதாக நிற்கும்.

அதே பொருளைச் சொந்த இணையதளத்தில் விற்கிறீர்கள். அந்த ஆர்டரைக் கொண்டுவந்த விளம்பரத்துக்கு 12, கூரியருக்கு 8, பேக்கிங்குக்கு 2, பணம் செலுத்தும் சேவைக்கு 2. ஆக 24 போய் 16 நிற்கிறது. ஆறு ஆர்டரில் ஒன்று திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றுக்குச் செய்த 24 வீண். திரும்பி வரும் கூரியருக்கு இன்னும் 8. இந்த 32ஐ மற்ற ஐந்து ஆர்டர்கள்தான் சுமக்க வேண்டும், தலைக்கு 6 சொச்சம். கடைசியில் கையில் நிற்பது ஏறத்தாழ 10.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புங்கள். புது வாடிக்கையாளர் ஒருவர் ஆன்லைனில் வாங்கினால் உங்களுக்கு 10 கூடுகிறது. கடை வாடிக்கையாளர் ஒருவர் ஆன்லைனுக்கு மாறினால், 40 கிடைத்த இடத்தில் 10தான் கிடைக்கிறது, 30 குறைகிறது. வாடகையோ அப்படியேதான் இருக்கிறது. ஆக, இடம் மாறிய ஒரு விற்பனையை ஈடுகட்ட மூன்று புது விற்பனைகள் வேண்டும். ஆன்லைன் ஆர்டர்களில் முக்கால் பங்குக்கு மேல் புதியவர்களாக இருந்தால்தான் மொத்த லாபம் ஏறவே தொடங்கும்.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். கணக்கின் அமைப்பு மாறாது. கடைச் செலவு மாதத்தோடு ஒட்டியது, ஆன்லைன் செலவு ஆர்டரோடு ஒட்டியது. விற்பனை இரட்டித்தால் கடையின் வாடகை இரட்டிக்காது. கூரியர் பில் இரட்டிக்கும். "அளவு பெருகினால் செலவு தானாகக் குறையும்" என்று நம்பி இறங்குகிறவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

ரிட்டர்ன் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திரும்பி வந்த ஒரு ஜோடி காலணியை நினைத்துப் பாருங்கள். பெட்டியை ஒருவர் பிரிக்க வேண்டும். அடிப்பகுதியில் மண் இருக்கிறதா, லேபிள் கிழிந்திருக்கிறதா, இரண்டும் ஒரே அளவா என்று பார்க்க வேண்டும். பெட்டி நசுங்கியிருந்தால் புதுப் பெட்டி. பிறகு கையிருப்பில் மறுபடி ஏற்ற வேண்டும். இவ்வளவும் முடிவதற்குள் இரண்டு மூன்று வாரம் ஓடியிருக்கும். அந்த மாடலுக்கு மவுசு குறைந்து தள்ளுபடி விலைக்குப் போயிருக்கும். மேலே போட்ட 6 சொச்சத்தில் இந்தக் கூலியும் விலைக் குறைவும் சேரவில்லை. அமெரிக்கச் சில்லறை வணிகக் கூட்டமைப்பின் 2024 மதிப்பீட்டில், அந்த நாட்டின் மொத்தச் சில்லறை விற்பனையில் 16.9 சதவீதம் திரும்பி வந்தது. ஆன்லைனை மட்டும் எடுத்தால் விகிதம் இதைவிடக் கூடுதல். உடையும் காலணியும் விற்பவர்கள் இந்த ரிட்டர்ன் செலவைக் கணக்கில் சேர்க்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில், சில விதிவிலக்குகள் தவிர, ஆன்லைனில் வாங்கியதைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பித் தர வாங்கியவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அங்கே விற்கிறவர் "ரிட்டர்ன் கிடையாது" என்று எழுதிப்போட்டுத் தப்பிக்க முடியாது.

## வழி 1: பெரிய சந்தைத் தளத்தில் சேர்வது

இதன் பலம் வெளிப்படையானது: கூட்டம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. பொருளை ஏற்றினால் சில நாளில் ஆர்டர் வரலாம். தளம் கட்டும் செலவில்லை. கூரியர், பணம் வசூல் எல்லாம் ஏற்பாடாக இருக்கிறது. அமேசானில் விற்கும் பொருள்களின் எண்ணிக்கையில் ஏறத்தாழ 60 சதவீதம் வெளி விற்பனையாளர்களுடையது. சிறியவர்களுக்கு இந்தக் கதவு திறந்தது உண்மையான நன்மை; அதை மறுக்க எனக்கு மனமில்லை.

செலவைப் பலர் கமிஷனோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெரும்பாலான பொருள் வகைகளுக்குக் கமிஷன் 8 முதல் 15 சதவீதம் வரை. அதற்கு மேல் கிடங்கு வாடகை, பேக்கிங்-டெலிவரிக் கட்டணம், தேடலில் முன்னால் தெரிவதற்கான விளம்பரம் என்று வரிசையாக வரும். இந்தக் கடைசிச் செலவு, விருப்பப்பட்டால் செய்யலாம் என்ற நிலையிலிருந்து, செய்யாவிட்டால் பொருள் கண்ணிலேயே படாது என்ற நிலைக்கு வந்துவிட்டது. 2024இல் வெளி விற்பனையாளர்களுக்கான சேவைகளிலிருந்து அமேசான் ஈட்டிய வருவாய் ஏறத்தாழ 15,600 கோடி டாலர். விளம்பர வருவாய் தனியாக ஏறத்தாழ 5,600 கோடி டாலர். இந்தத் தொகையில் பெரும்பகுதி விற்கிறவர்களின் லாபப் பங்கிலிருந்து போனது.

எனக்கு அதிகக் கவலை தருவது மூன்றாவது அளவுகோல். வாங்கியவர் உங்களிடம் வாங்கியதாக நினைக்க மாட்டார். தளத்தில் வாங்கியதாகத்தான் நினைப்பார். அடுத்த முறை அதே தளத்தில் தேடுவார். அப்போது பக்கத்து வரிசையில் இருப்பவர் விலையைச் சற்றுக் குறைத்திருந்தால் அவரிடம் போய்விடுவார். உங்கள் பொருள் நன்றாகப் போவதைத் தளமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. விற்பனையாளர்களின் வெளியிடப்படாத தரவைத் தன் சொந்தச் சில்லறை விற்பனைக்குப் பயன்படுத்துவதில்லை என்று அமேசான் கொடுத்த உறுதியை ஐரோப்பிய ஆணையம் ஏற்றது 2022 டிசம்பரில்தான்.

வாடிக்கையாளரை அடுத்தவர் கையில் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய நிறுவனங்களே சாட்சி. பொம்மைக் கடைச் சங்கிலியான டாய்ஸ் ஆர் அஸ் 2000இல் தன் ஆன்லைன் விற்பனையை பத்தாண்டு ஒப்பந்தத்தில் அமேசானிடம் விட்டது. மற்றவர்களும் அங்கே பொம்மை விற்கத் தொடங்கியபோது 2004இல் வழக்குப் போட்டது. 2006இல் ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டது. அதற்குள் ஆன்லைன் வியாபாரம் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான ஆண்டுகள் போய்விட்டன. புத்தகக் கடைச் சங்கிலியான பார்டர்ஸ் 2001இல் அதே வழியில் போய், 2008இல் சொந்தத் தளத்துக்குத் திரும்பி, 2011இல் கடைகளை மூடியது. இரண்டின் வீழ்ச்சிக்கும் கடன்சுமை உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வாங்குபவரோடு இருந்த தொடர்பை விட்டுக்கொடுத்த பிறகு மீட்பது எவ்வளவு கடினம் என்பது இரண்டிலும் தெரிகிறது.

எப்போது இது சரியான வழி? உங்கள் பொருளைப் பெயர் சொல்லித் தேடுகிறவர்கள் ஏற்கெனவே இருந்தால். பொருள் சிறியதாக, எடை குறைந்ததாக, திரும்பி வரும் வாய்ப்பு குறைந்ததாக இருந்தால். தேங்கிய சரக்கைக் காலி செய்ய வேண்டியிருந்தால். ஒரு புதுப் பொருளுக்குக் கிராக்கி உண்டா என்று குறைந்த செலவில் சோதிக்கவும் இதைவிட நல்ல இடம் இல்லை. பலரும் விற்கிற அதே பொருளை அதே தளத்தில் விற்கப் போகிறீர்கள் என்றால், விலைக் குறைப்பைத் தவிர உங்களிடம் வேறு ஆயுதம் இருக்காது. வேண்டாம் என்றே சொல்வேன்.

## வழி 2: சொந்த இணையதளம்

இங்கே கமிஷன் இல்லை, வாடிக்கையாளர் உங்களுடையவர், விலையும் உங்கள் கையில். ஷாப்பிஃபை போன்ற சேவைகள் வந்த பிறகு தளம் கட்டுவதும் பெரிய வேலையில்லை. கட்டிய தளத்துக்கு ஆள் வரவைப்பதுதான் வேலை.

அந்தச் செலவு உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் போன்களில், பயனரின் அனுமதி இல்லாமல் செயலிகள் அவரைப் பின்தொடர முடியாதபடி செய்தது. வாங்குபவரின் தனியுரிமைக்கு அது நல்லது. ஆனால் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தை மட்டும் நம்பியிருந்த சிறு விற்பனையாளர்கள் பலருக்கு, அதே பணத்துக்கு வரும் ஆர்டர் குறைந்தது. தங்கள் தொழிலில் எந்தத் தவறும் செய்யாமலே அவர்களின் கணக்கு மாறிப்போனது.

வந்தவரும் வாங்கிவிடுவார் என்பதில்லை. ஆன்லைன் கடைகளை ஆராயும் பேமார்ட் நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் சராசரிப்படி, கூடையில் பொருளைப் போட்டவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம்பேர் பணம் கட்டாமலே போய்விடுகிறார்கள். வாங்கும் எண்ணத்தோடு வந்தவர்களும் விலகுவதற்கு முதன்மைக் காரணம், கடைசிப் பக்கத்தில் திடீரென்று தெரியும் டெலிவரிக் கட்டணமும் வரியும். அதனால்தான் "இலவச டெலிவரி" என்று போடுகிறோம். இலவசம் வாங்குபவருக்குத்தான், கூரியர்காரர் உங்களிடம் வாங்கிக்கொள்வார்.

இந்த வழியில் லாபம் இரண்டாவது, மூன்றாவது ஆர்டரில்தான் இருக்கிறது. மேலே போட்ட கணக்கில் 12 என்று வந்த விளம்பரச் செலவு, அதே ஆள் தானாகத் திரும்பி வந்தால் இல்லாமல் போகிறது. கையில் நிற்பது 10லிருந்து 20க்கு மேல் போகிறது. ஆகவே தீர்ந்து தீர்ந்து மறுபடி வாங்க வேண்டிய பொருள், வேறெங்கும் கிடைக்காத பொருள், வாங்கியவர் பிறருக்குச் சொல்லும் பொருள், இவற்றுக்குச் சொந்தத் தளம் பொருந்தும். ஆயுளில் ஒருமுறை வாங்கும் பொதுவான பொருளுக்கு, ஒவ்வொரு ஆர்டரையும் விளம்பரக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

## வழி 3: கடையும் தளமும் சேர்த்து

வார்பி பார்க்கர் என்ற அமெரிக்க மூக்குக்கண்ணாடி நிறுவனம் 2010இல் ஆன்லைனில் மட்டும் விற்கத் தொடங்கி, 2013இல் கடை திறந்தது. அதன் காட்சிக்கூடங்களை ஆராய்ந்தவர்கள் கண்டது: காட்சிக்கூடம் வந்த பகுதிகளில் மொத்த விற்பனை கூடியது, அங்கிருந்து வரும் ஆன்லைன் விற்பனையும் கூடியது, ரிட்டர்ன் குறைந்தது. தொட்டுப் பார்க்க வேண்டிய தயக்கம் உள்ளவர்கள் கடைக்குப் போனார்கள்; தளத்தில் வாங்கியவர்கள் தெரிந்து வாங்கினார்கள்.

கடை வைத்திருப்பவருக்கு இதில் பெரிய அனுகூலம், ஆன்லைனில் பணம் கட்டிவிட்டுக் கடையில் வந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. கூரியர் செலவு இல்லை. எடுக்கும்போதே பார்த்துவிடுவதால் ரிட்டர்ன் குறைவு. இடம் மாறிய விற்பனைகூட இங்கே பெரிதாகக் கடிக்காது. 40இல் 35க்கு மேல் நிற்கும். வந்தவர் இன்னொன்றையும் வாங்கிப் போகலாம்.

மறைந்திருக்கும் செலவு, கையிருப்புக் கணக்கு. தளத்தில் "இருக்கிறது" என்று காட்டும் கடைசிப் பொருளைக் கடையில் யாராவது எடுத்துப்போயிருந்தால், ஆர்டர் போட்டவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்ப வேண்டும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு விற்பனையையும் அந்த நிமிடமே பதிவு செய்யும் பழக்கம் வேண்டும். மென்பொருளைவிட ஆட்களின் பழக்கம்தான் கடினம். கடை விலையும் தள விலையும் வேறாக இருந்தால் வருகிற சண்டை இன்னொன்று. 10 நாடுகளில் 56 பெரிய நிறுவனங்களின் விலைகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2017இல் வெளியானது. இரண்டு இடத்திலும் விலை 72 சதவீத வேளைகளில் ஒன்றாகவே இருந்தது. அவர்கள் செய்வதையே செய்யுங்கள்: ஒரே விலை வையுங்கள்.

## வழி 4: கடையோடு நிற்பது

இதைத் தோல்வி என்று பார்க்க வேண்டாம். பிரைமார்க் என்ற மலிவு உடை நிறுவனம் வீட்டுக்கு டெலிவரி செய்வதை நெடுங்காலம் மறுத்தே வந்தது. இவ்வளவு குறைந்த விலைக்கு விற்கும் உடையில் கூரியரும் ரிட்டர்னும் கட்டுப்படியாகாது என்பது அதன் கணக்கு. 2022இல் பிரிட்டனில் ஆன்லைன் ஆர்டரைத் தொடங்கியபோதும், கடையில் வந்து எடுத்துக்கொள்ளும் முறையில்தான் தொடங்கியது.

விலை குறைந்த, எடை கூடிய, உடையக்கூடிய பொருளுக்கும், ஆள் நின்று அளந்து பொருத்தித் தர வேண்டிய வேலைக்கும் இதுவே சரி. ஆனால் விற்காவிட்டாலும் தெரியத்தான் வேண்டும்: என்ன கிடைக்கும், எப்போது திறந்திருக்கும், எப்படித் தொடர்புகொள்வது என்ற விவரம் இணையத்தில் சரியாக இருக்கட்டும்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | சந்தைத் தளம் | சொந்தத் தளம் | கடை + தளம் | கடை மட்டும் |
|---|---|---|---|---|
| புது வாடிக்கையாளர் | வேகமாக | மெதுவாக, செலவோடு | நடுத்தரம் | அரிது |
| ஆர்டருக்கு நிற்பது | குறைவு | முதல் ஆர்டரில் குறைவு, பிறகு நல்லது | கடையில் எடுத்தால் நல்லது | அதிகம் |
| வாடிக்கையாளர் யாருடையவர் | தளத்துடையவர் | உங்களுடையவர் | உங்களுடையவர் | உங்களுடையவர் |
| முடங்கும் பணம் | தளம் தரும்வரை பாக்கி, கிடங்குச் சரக்கு | விளம்பரம் | ஒரே சரக்கு இரண்டுக்கும் உதவும் | கடைச் சரக்கு |
| பின்வாங்குவது | சுலபம், ஆனால் வெறுங்கையோடு | நடுத்தரம் | சுலபம் | தேவையில்லை |

## நாட்டின் வளர்ச்சிக்கு என்ன ஆகிறது

சில வாசகர்கள் கேட்டது இது: எல்லாரும் ஆன்லைனுக்குப் போனால் பொருளாதாரம் வளருமா, ஒருவர் வியாபாரம் இன்னொருவரிடம் போவதோடு சரியா? அங்கேயும் அதே கேள்விதான் எழுகிறது. எவ்வளவு புதிது, எவ்வளவு இடம் மாறியது?

அமெரிக்காவில் சில்லறை விற்பனையில் ஆன்லைனின் பங்கு 2019இல் ஏறத்தாழ 11 சதவீதம்; 2024இல் ஏறத்தாழ 16. இதில் பெரும்பகுதி கடைகளிலிருந்து நகர்ந்தது. விசா அட்டைப் பரிவர்த்தனைகளை வைத்து அங்குள்ள பொருளியலாளர்கள் கணக்கிட்டபோது, 2017 அளவில் ஆன்லைனால் நுகர்வோருக்குக் கிடைத்த நன்மை அவர்களின் நுகர்வில் ஏறத்தாழ 1 சதவீதத்துக்குச் சமம் என்று வந்தது. கடைக்குப் போகும் அலைச்சல் மிச்சமானது அதில் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய பங்கு, பக்கத்தில் இல்லாத விற்பனையாளரிடம் வாங்க முடிந்ததால் வந்தது. ஆன்லைன் புத்தக விற்பனையைப் பற்றிய 2003ஆம் ஆண்டு ஆய்வும் இதையே காட்டியது: விலை குறைந்ததால் கிடைத்ததைப் போல 7 முதல் 10 மடங்கு நன்மை, சாதாரணக் கடையில் கிடைக்காத தலைப்புகள் கிடைத்ததால் வந்தது.

ஆக வளர்ச்சி என்று சொல்லத் தக்கது, தூரம் தடுத்து வைத்திருந்த வியாபாரம் நடக்கும்போது பிறக்கிறது. பக்கத்துக் கடையில் கிடைத்ததையே பெட்டியில் வரவழைப்பதில் அவ்வளவாக இல்லை.

நன்மை எல்லாருக்கும் சமமாகவும் போவதில்லை. மேலே சொன்ன அட்டை ஆய்வில் வருமானம் கூடியவர்களும் நெருக்கமான பகுதிகளில் வாழ்கிறவர்களும் அதிகம் பெற்றார்கள். ஆன்லைன் பரவியபோது பயண முகவர்கள், புத்தகக் கடைகள் போன்ற துறைகளில் சுருங்கியது சிறியவர்கள்தான் என்று இன்னொரு ஆய்வு காட்டியது. சீனாவில் கிராமங்களுக்கு ஆன்லைன் வணிகத்தைக் கொண்டுபோன திட்டத்தை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். கிராமத்து உற்பத்தியாளர்களின் வருமானம் உயர்ந்ததற்குப் பெரிய சான்று கிடைக்கவில்லை. வாங்கும் பக்கத்தில் நன்மை இருந்தது, அதுவும் இளைஞர்களும் வசதியானவர்களுமான ஒரு சிறு பகுதியினருக்கு. பொருள் வந்து சேரும் வசதி ஏற்பட்டதே அதற்கு முக்கியக் காரணம். இணைய இணைப்பு கொடுத்தால் ஏழை உற்பத்தியாளர் தானாக உயர்ந்துவிடுவார் என்று திட்டம் தீட்டுகிறவர்கள் இந்த முடிவைப் படிக்க வேண்டும். தரத்தைச் சீராக வைப்பது, பேக்கிங், சரக்குப் போக்குவரத்து, வாடிக்கையாளரோடு பேசுவது எல்லாம் கூடவே வந்தால்தான் விற்பவருக்குக் காசு நிற்கும்.

## முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியது

ஒரே ஒரு பொருளை எடுத்து, மேலே உள்ளபடி நூறுக்கு எவ்வளவு நிற்கும் என்று உங்கள் சொந்த எண்களில் எழுதுங்கள். 10க்குக் கீழே வந்தால் அந்தப் பொருளை ஆன்லைனுக்குக் கொண்டுபோக வேண்டாம். வேறு பொருளைப் பாருங்கள், அல்லது இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரு பெட்டியாக விற்க முடியுமா என்று பாருங்கள். கூரியர் செலவு பெட்டிக்குத்தான், உள்ளே இருக்கும் எண்ணிக்கைக்கு அல்ல.

கடை வைத்திருப்பவர் என்றால் மூன்றாவது வழியில், கடையில் வந்து எடுத்துக்கொள்ளும் முறையில் தொடங்குவதையே பரிந்துரைப்பேன். நட்டம் குறைவு, கற்றுக்கொள்வது அதிகம். தனித்தன்மையுள்ள பொருளைத் தயாரிப்பவர் சொந்தத் தளத்தை வைத்துக்கொண்டு, சில பொருள்களை மட்டும் சந்தைத் தளத்தில் வைக்கலாம்.

எந்த வழியாக இருந்தாலும், ஒவ்வொரு ஆன்லைன் ஆர்டரின் பின்கோடையும் குறித்து வையுங்கள். உங்கள் கடைக்கு வந்து போகிற தூரத்திலிருந்து எத்தனை, அதற்கு அப்பாலிருந்து எத்தனை என்று மாதாமாதம் பிரித்துப் பாருங்கள். விற்றுமுதல் ஏறிக்கொண்டே இருந்து, அப்பாலிருந்து வரும் பங்கு மட்டும் ஏறவில்லை என்றால், விளம்பரத்துக்குப் போகும் பணத்தை அந்த மாதமே குறைத்துவிடுங்கள்.